தடை தாண்டும் நாய்களுக்குத் தேகப்பயிற்சியும் இயன்முறைச் சிகிச்சையும்

நாய் என்னும் சொல்லை நம்மவர் வசைச்சொல்லாக வழங்குதல் பெரும்பான்மை. எனினும், தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமன் இசையவில்லை என்று பாரதக்கதை கூறும். செல்வன் ஒருவனுடைய வாயிலிற் கிடந்த லாசரு என்பானை மனிதர் பொருட்படுத்தாதபோது நாய்களே அணுகி அவன் புண்களை நக்கின என்று திருமறையிற் படிக்கின்றோம். இப்பிராணி காவல், வேட்டை, மந்தை மேய்த்தல், துப்பறிதல் முதலிய பல ஊழியங்களை நெடுங்காலமாகச் செய்து வருகின்றது. இவற்றோடு தடை தாண்டும் விளையாட்டும் ஓர் ஊழியமாகப் பிற்காலத்திற் சேர்ந்தது. அவ்விளையாட்டிற்கு நாயின் உடலை ஆயத்தஞ் செய்வது எங்ஙனம், ஊறு நேர்ந்தவிடத்துத் தேற்றுவது எங்ஙனம், சேலம் நாமக்கல் சமவெளியின் வெயிலிலே இவற்றைச் செய்யும்போது எவற்றை மறத்தலாகாது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

ஆங்கிலத்தில் அஜிலிட்டி எனப்படும் தடை தாண்டும் பந்தயம் 1978ஆம் ஆண்டு இலண்டன் நகரில் நடந்த கிரப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. கண்காட்சியின் இடைவேளையிலே கூட்டத்தார் சலிப்படையாதிருக்க ஏதேனும் வேடிக்கை வேண்டும் என்று ஜான் வார்லி என்பவரும் பீட்டர் மீன்வெல் என்பவரும் எண்ணினர். குதிரைகள் தடை தாண்டும் பந்தயத்தைப் பார்த்து அதனையே நாய்களுக்கேற்பச் சிறிதாக்கினர். பார்த்தவர்கள் பெரிதும் மகிழ்ந்தனர். 1980ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதனை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது. நாய் குறுக்குக்கோலைத் தாண்டும். துணிக்குழாயினுள் நுழைந்து வெளிவரும். சாய்ந்த பலகையில் ஏறி இறங்கும். ஏற்றப்பலகை போல் ஆடும் மரத்தின்மேல் நடக்கும். வரிசையாக நட்ட பன்னிரண்டு கோல்களினூடே பாம்புபோல் வளைந்து செல்லும். இவ்வளவும் எஜமானனுடைய குரலையும் கைச்சாடையையும் மட்டுமே கொண்டு, குறித்த காலத்திற்குள் நடைபெறுதல் வேண்டும். கழுத்தில் கயிறு கிடையாது. கையில் தின்பண்டமும் கூடாது. உலக நாய்ச் சங்கத்தின் இன்றைய விதிப்படி பெரிய நாய்க்குரிய கோலின் உயரம் 55 முதல் 60 சென்டிமீட்டர், சிறிய நாய்க்கு 25 முதல் 30 சென்டிமீட்டர்.

நம் மாகாணத்துக்கு இவ்வித்தை முற்றும் புதியதென்று சொல்வதற்கில்லை. தமிழகக் காவல்துறை 1951ஆம் ஆண்டிலேயே துப்பறியும் நாய்ப்படை ஒன்றை அமைத்தது. அந்நாய்கள் வேலி தாண்டவும், வளையத்தினூடே பாயவும், ஏணி ஏறவும் பழக்கப்படுவன. ஆண்டுதோறும் ஏற்காட்டில் நடைபெறும் கோடைவிழாவின் நாய்க் கண்காட்சிக்குச் சென்றவர்கள் இத்தகைய பாய்ச்சல்களைக் கண்டு கைதட்டியிருப்பர். கைதட்டி வீடு திரும்பியவர்களுள் சிலர் மறுநாளே தம் நாயையும் தாண்டவிடத் தொடங்குவர். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இராசிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் என் தாய்மாமன் மகன் வேளாண்மை செய்து வருகின்றார். கன்னி இனத்தைச் சேர்ந்த பெண்நாய் ஒன்று அவரிடம் உண்டு. ஒரு கோடையில் ஏற்காடு சென்று வந்தவர், நெல் அடிக்கும் சிமெண்டுக் களத்தில் இரண்டு எண்ணெய்த் தகரங்களை நிறுத்தி, அவற்றின்மேல் மூங்கிற்கழியைக் கிடத்தி, நாயைத் தாண்டச் செய்தார். அந்நாய் முதல் நாளே மார்பளவு உயரத்தைப் பறவைபோற் கடந்தது. ஊர்ப்பிள்ளைகள் கூடி ஆரவாரித்தனர். கழி நாள்தோறும் உயர்ந்தது. ஏறக்குறைய ஒரு திங்கள் கழிந்தபின், நாய் நடக்கையில் தலையை மேலும் கீழும் ஆட்டுவதைக் கண்டும், அதனை அதன் குதூகலம் என்றே கொண்டனர். பின்னொரு நாள் அது வலது முன்னங்காலை ஊன்றாமல் மூன்று காலில் நின்றது. கால்நடை மருத்துவர் தோளை மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, நாய் எவ்வளவு உயரம் தாண்டியது என்று கேட்கவில்லை. "இந்நாய் நாள்தோறும் எவ்வளவு தூரம் நடந்தது?" என்றே கேட்டார். அது பகல் முழுதும் சங்கிலியிற் கிடந்தது என்பதுதான் விடை. அருகிருந்த என் மாமா, எழுபது வயது கடந்தவர், எத்தனையோ காளைகளை வண்டிக்குப் பழக்கியவர், மகனை நோக்கி, "புதுக்காளையை முதல் நாளே பாரவண்டியிற் பூட்டுவாருண்டோ?" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொல்லிய சொல்லில் இவ்விஷயம் முழுவதும் அடங்கும். வண்டிக்காளைக்கு முதலில் வெற்று நுகம். பின்பு இழுத்துச் செல்ல ஒரு மரக்கட்டை. பின்பு வெறும் வண்டி. பாரம் அதற்கும் பிறகே. ஆத்தூரை அடுத்த கூலமேட்டுச் சல்லிக்கட்டுக்குக் காளை வளர்ப்போரும் தைப்பொங்கலுக்குப் பல திங்கள் முன்னரே அதனை நீந்தவும் நெடுந்தூரம் நடக்கவும் விடுகின்றனர். இங்ஙனம் மாட்டின் உடலைப் படிப்படியாக உரமேற்ற அறிந்த நம் நாட்டார், நாயின் உடலும் தசையும் எலும்பும் நாணும் கொண்டதே என்பதை மறந்துவிடுகின்றனர். நாய் தானே விரும்பி ஓடுவதால், அதற்கு ஆயத்தம் வேண்டுவதில்லை என்று தோன்றுகிறது போலும்.

இனி நாயின் உடலமைப்பைச் சிறிது நோக்குவோம். மனிதனுடைய தோளைக் காறையெலும்பு மார்பெலும்போடு இணைத்து நிற்கின்றது. நாய்க்குக் காறையெலும்பு பெயரளவிலேயே உளது; அதன் முன்னங்கால்கள் உடம்போடு எலும்பினாற் பிணைக்கப்படாமல் தசைகளாலும் நாண்களாலும் மட்டுமே தாங்கப்பட்டுள்ளன. தொட்டிற்சேலையில் குழந்தை கிடப்பதுபோல் அதன் மார்பு இரு தோள்களினிடையே தசைச்சேலையில் தொங்குகின்றது எனலாம். பாய்ச்சலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள இவ்வமைப்பு மிகப் பொருத்தமானது. ஆயின் அத்தசைகள் உரமற்றவையாயின் அதிர்ச்சி முழுவதும் நாண்களிலும் மூட்டுகளிலும் சென்று தாக்கும். நாய் சும்மா நிற்கும்போதே அதன் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கு முன்னங்கால்களின்மேல் உளது. தடையைத் தாண்டி இறங்கும் கணத்தில் அக்கால்கள் ஏற்கும் விசை உடல் எடையைப்போல் நான்கு மடங்கிற்கும் மேற்படுவதாக அளந்துள்ளனர். மேலே எழும்புவதற்குப் பின்னங்கால்கள் தொழில் செய்கின்றன. கீழே இறங்குவதற்கான விலையை முன்னங்கால்கள் செலுத்துகின்றன. அவ்விலை மண்தரையிற் குறைவு, புல்தரையில் இன்னும் குறைவு, சிமெண்டுக் களத்தில் மிக அதிகம்.

2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இப்பந்தயத்தில் ஈடுபட்ட 3,801 நாய்களைக் குறித்து அவற்றின் எஜமானர்களிடம் கேட்டறிந்தனர். அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏதேனும் ஓர் ஊறு பட்டிருந்தது. தோளும் முதுகுமே மிகுதியாக ஊறுபட்ட உறுப்புகள். முன்னரே ஒருமுறை ஊறுபட்ட நாயும், இவ்விளையாட்டில் அனுபவம் குறைந்த நாயும் மீண்டும் ஊறுபடுவது அதிகம் என்பதும் அதனாற் புலப்பட்டது. எலும்பு முறிவு முதலிய பெரு விபத்துகளைக் காட்டிலும் தசை பிசகுதல், நாண் சுளுக்குதல் போன்றவையே பெரும்பான்மை என்பது கவனிக்கற்பாலது. இவை யாவும் ஆயத்தத்தினாற் குறைக்கத்தக்கவை.

வயதைப் பற்றி ஒரு சொல். குட்டியின் நீண்ட எலும்புகளின் நுனியருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. அவை இறுகி மூடும்வரை உயரத் தாண்டுவதும், குறுகத் திரும்புவதும் அவற்றைச் சிதைக்கக் கூடும். சிதைந்தாற் கால் கோணலாக வளரும். சிறிய நாய்களில் இத்தட்டுகள் முதல் ஆண்டிற்குள் மூடிவிடும். பெரிய நாய்களுக்கு இன்னும் சில திங்கள் செல்லும். ஆகவேதான் உலக நாய்ச் சங்கம் 18 திங்கள் நிரம்பாத நாயைப் பந்தயத்திற் சேர்ப்பதில்லை. குட்டிப் பருவத்தில் தரையிற் கிடத்திய கோல்களின்மேல் நடத்தலும், குழாயினுள் நுழைதலும், சொற்கேட்டு நிற்றலும் போதும்.

நம் நாட்டு நாய்களைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்பன தமிழகத்துக்கே உரிய இனங்கள். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் முத்திரைகளுள் இராசபாளையம் நாயும் ஒன்று. சிப்பிப்பாறையும் கன்னியும் ஆழ்ந்த மார்பும் ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் உடையன. கண்ணாற் கண்டு துரத்தும் வேட்டைநாய்கள். முற்காலத்தில் முயல் வேட்டைக்குச் சென்றபோது அவற்றின் தேகப்பயிற்சியைக் குறித்து எவரும் கவலைப்பட வேண்டியிருந்ததில்லை. புலர்காலையில் எழுந்து கரம்பையிலும் மேய்ச்சற்காட்டிலும் பல மைல் நடந்து, இடையிடையே ஓடி, மாலையில் வீடு சேரும். அந்நடையே பயிற்சி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் அவ்வேட்டை விலக்கப்பட்டது; அது நன்றே. ஆயினும் வேட்டையோடு நடையும் ஒழிந்துபோயிற்று. பெருமைக்காக வாங்கிய வேட்டைநாய் இன்று வாயிற்படியருகே இரண்டு முழச் சங்கிலியில் நின்று, போவார் வருவாரைக் குரைத்துப் பொழுது போக்குகிறது. அதன் நெஞ்சிலோ பாயும் விருப்பம் சிறிதும் குறையவில்லை. தொடையிலோ பாயும் வலிமை குறைந்துவிட்டது. அதனைத் திடீரெனக் கட்டவிழ்த்துத் தாண்டச் சொல்வதைப் போன்ற கேடு வேறில்லை. தடை தாண்டும் விளையாட்டு இத்தகைய நாய்க்கு வேட்டைக்கு ஈடான ஒரு மகிழ்ச்சியைத் தரவல்லது என்பதே என் கருத்து. ஆனால் அதற்குமுன் அது இழந்த நடையைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

ஆதலின் முதற்பயிற்சி நடை. இருபது நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு மணி நேரம் வரை மெல்லோட்டமும் நடையும் கலந்து நடத்தலாம். கயிறு தளர்ந்திருக்க வேண்டும். இழுத்துக்கொண்டே செல்லும் நாய்க்கு நடையின் பயன் பாதி. சேலத்தைச் சுற்றிக் கஞ்சமலை, நகரமலை முதலியவற்றின் அடிவாரச் சரிவுகள் உண்டு; ஊர்தோறும் ஏரிக்கரை உண்டு. சரிவில் மெல்ல ஏறுதல் பின்னங்கால் தசைக்கு உரம் தரும். மெல்ல இறங்குதல் முன்னங்காலுக்குப் பயிற்சியாகும். விரைந்து இறங்கவிடுதல் ஆகாது.

அடுத்தது கோல்நடை. குதிரைகளைப் பழக்குவோரிடமிருந்து வந்த முறை இது. ஆறு மூங்கிற்கழிகளை நாயின் உடல் நீளத்திற்கேற்ப இடைவெளிவிட்டு வரிசையாக வைத்து, இரு முனையிலும் செங்கல்லைக் கொடுத்து நாலைந்து அங்குலம் உயர்த்தி, நாயை அவற்றினூடே நடத்துதல் வேண்டும். தாண்டுதல் அன்று, ஒவ்வொரு காலையும் எடுத்து வைத்தல். வேகமாகச் செல்லும் நாய் கால் எங்கே வைக்கிறோம் என்று அறியாது. மெல்லச் செல்லும் நாய் அறியும். பின்னங்கால் தன்னுடையதுதான் என்பதையே பல நாய்கள் அறியா என்று சொன்னால் மாணவர்கள் நகைப்பர். ஒரு நாயைப் பின்புறமாகப் பத்தடி நடக்கச் செய்து பார்த்தால் உண்மை விளங்கும். உட்கார்ந்து எழுதல், முன்னங்கால்களைத் தாழ்ந்த பலகையின்மேல் ஊன்றிப் பின்னுடலை வட்டமாக நகர்த்துதல், தேங்காய்நார் அடைத்த சாக்கின்மேல் ஆடாமல் நிற்றல் முதலியவையும் நல்ல பயிற்சிகள். கடைசியாகச் சொன்னதில், தடுமாறாமல் நிற்க முதுகும் வயிறும் சேர்ந்து உழைக்கின்றன. நம் வீட்டுக் கயிற்றுக்கட்டிலும் அவ்வாறு ஆடுவதே. ஆயின் நகம் கயிற்றிற் சிக்குமாதலால் அதனை நான் பரிந்துரையேன். நகத்தையும் அவ்வப்போது நறுக்கிவிடல் அவசியம். நீண்ட நகம் விரலைப் பின்னுக்குத் தள்ளி நடையையே மாற்றிவிடும். இக்காலத்து வீடுகளில் வழுவழுப்பான பளிங்குத் தரை மிகுந்துவிட்டதால், நாய் ஓடித் திரும்பும் இடத்திற் சாக்கோ பாயோ விரித்தல் நலம்.

தசை சில வாரங்களிற் பெருக்கும். நாணுக்கும் எலும்புக்கும் அதனினும் நெடுங்காலம் வேண்டும். இரத்தவோட்டம் நாணிற் குறைவு. ஆகவே நாய் வலிமை பெற்றுவிட்டதென்று கண்ணுக்குத் தோன்றும் காலத்திலும் அதன் நாண்கள் பின்தங்கியே இருக்கும். வாரத்தில் இரண்டு நாளேனும் ஓய்வு கொடுத்தலும், உயரத் தாண்டுதலை வாரத்தில் ஓரிரு நாளோடு நிறுத்தலும் இதனாலேயே. நம் கல்லூரியில் ஓட்டப்பந்தயத்திற்குச் செல்லும் மாணாக்கர் ஓடுமுன் உடலைச் சூடேற்றிக்கொள்வதைக் காண்கின்றோம். நாய்க்கும் அவ்வாறே பத்து நிமிட நடை, மெல்லோட்டம், இருபுறமும் வளைந்து திரும்புதல், தாழ்ந்த கோலில் இரண்டு மூன்று பாய்ச்சல் என்பவை முன்னும், ஆறுதலான நடை பின்னும் வேண்டும். ஏற்காட்டுக்குச் செல்வோர் இதனை மறவாதிருப்பாராக. சமவெளியின் வெக்கையில் வண்டியிலேறி, இருபது கொண்டையூசி வளைவுகளிலும் குலுங்கி, வாந்தியெடுத்து, ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்துக் குளிர்காற்றில் இறங்கும் நாயின் தசை விறைத்திருக்கும். இறங்கியவுடன் களத்தில் விடுதல் பெரும்பிழை.

உணவைப் பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. விலாவெலும்புகள் கண்ணுக்குத் தோன்றாவிடினும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்பதே அளவு. லாப்ரடார் இன நாய்கள் 48ஐக் கொண்டு பல ஆண்டுகள் நடத்தி 2002இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், நூற்றுக்கு 25 பங்கு குறைவாக உண்ட நாய்கள் மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டாண்டு அதிகமாக வாழ்ந்தன. அவற்றின் மூட்டு நோயும் காலந்தாழ்த்தே தோன்றியது. நம்மூர் லாப்ரடார்களோ தயிர்ச்சோற்றாலும் விருந்து மிச்சத்தாலும் பீப்பாய்போல் உருண்டுள்ளன. அவற்றைத் தாண்டவிடுமுன் இளைக்கவிடுதல் முறை. மார்பு ஆழ்ந்த நாய்களை உண்டவுடன் ஓடவிடலாகாது. அவற்றின் இரைப்பை காற்றேறி முறுக்கிக்கொண்டு உயிருக்கே இறுதியாவதுண்டு.

இனி வெயில். மற்றெதனைவிடவும் நம் சமவெளியில் அஞ்சத்தக்கது இதுவே. பங்குனி முதல் வைகாசி வரை சேலத்தில் 100 டிகிரி பாரன்ஹீட்டைக் கடக்கும் நாட்கள் பல. மனிதன் உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்கின்றான். நாய்க்கு வியர்வை பாதத்தின் அடியில் மட்டுமே சிறிது சுரக்கும். அது நாவை நீட்டி இளைப்பதனாலேயே தன் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102½ டிகிரி. 106ஐ எட்டினால் மூளையும் சிறுநீரகமும் குடலும் கெடத் தொடங்கும். காலை ஏழு மணிக்கு முன்னும், மாலையில் தரை ஆறிய பின்னுமே கோடையிற் பயிற்சி செய்யலாம். புறங்கையைத் தரையில் ஏழெட்டு விநாடி வைத்துப் பொறுக்க முடியாவிடின் நாயின் பாதமும் பொறுக்காது. மூக்குச் சப்பையான நாய்களைக் கோடையில் ஓடவிடவே கூடாது.

நாக்கு அகன்று செம்மை மிகுந்து, கண் வெறித்து, தள்ளாடி, கொழகொழப்பான எச்சில் வடிப்பின் வெப்பத் தாக்குதல் எனக் கொள்க. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுதும் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். முதலிற் குளிர்விப்பு, பின்பே மருத்துவமனைக்குப் பயணம். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுவது தவறு; அது சூடேறிக் கம்பளியாகிவிடும். வெப்பம் 103க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவேண்டும்.

ஊறுபட்டதை அறிவது எங்ஙனம்? நாய் முனகும் என்று எதிர்பார்ப்போர் ஏமாறுவர். நோயை மறைப்பது அதன் பிறவிக்குணம். எஜமானன் கூப்பிட்டால் நொண்டிக்கொண்டேனும் ஓடிவருவது வளர்ப்புக்குணம். இவ்விரண்டும் சேர்ந்து அதனைக் கெடுக்கின்றன. முன்னங்கால் நோகும் நாய் அக்காலை ஊன்றும்போது தலையை உயர்த்தும். நல்ல காலை ஊன்றும்போது தாழ்த்தும். என் மைத்துனர் குதூகலம் என்று கொண்டது இதனையே. பின்னங்கால் நோயாயின் அக்காலை ஊன்றும்போது இடுப்பு ஒருபுறம் எழும்பும். ஒரு நாளுமின்றிக் கோலைத் தட்டிவிடுதல், நெடுந்தொலைவிலிருந்தே எழும்புதல், வளைகோல்களின் நடுவே வெளியேறிவிடுதல், உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டுதல் ஆகியவற்றைப் பிடிவாதம் என்று எண்ணி அதட்டுவார் பலர். பெரும்பாலும் அவை வலியின் மொழி. தையற்காரரின் அளவுநாடாவால் இரு தொடைகளையும் திங்கள்தோறும் ஒரே இடத்தில் அளந்து குறித்துவைப்பது மிக நல்ல பழக்கம். ஒரு தொடை மெலிந்தால் அக்காலை நாய் காத்துக்கொண்டு நடக்கிறதென்பது தெளிவு.

நொண்டுதல் கண்டவுடன் செய்யத்தக்கது ஓய்வு. முதல் இரண்டு மூன்று நாட்களில் பனிக்கட்டியைத் துணியிற் சுற்றி, நாளுக்கு மூன்று நான்கு முறை, பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றலாம். வீக்கம் வடிந்த பின்னரே வெந்நீர் ஒத்தடம். முதல்நாளே சூடு கொடுத்தால் வீக்கம் பெருகும். மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்கலாகாது. ஐபுபுரூபன், டைக்ளோபினாக் முதலியவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் ஈரலுக்கு நஞ்சாகக் கூடும். நம் நாட்டுப்புறங்களில் நொண்டும் மாட்டுக்கும் நாய்க்கும் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சூடு இழுக்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. சூட்டுக்குப் பின் சிலநாளில் நொண்டல் தீர்ந்ததென்பர். புண்ணின் வேதனையால் பிராணி அசையாது கிடந்த ஓய்வே அங்கு மருந்தாயிற்று. ஓய்வைச் சூடின்றியும் கொடுக்கலாம் அன்றோ?

மருத்துவர் நோயின் தன்மையை ஆராய்ந்து இசைந்த பிறகே இயன்முறைச் சிகிச்சை தொடங்கும். நாயைப் பக்கவாட்டிற் கிடத்தி, மூட்டை ஒரு கையால் தாங்கி, மறு கையால் மெல்ல மடக்கி நீட்டுதல் முதற்படி. வலி தோன்றும் எல்லைக்கு முன்னரே நிறுத்தவேண்டும். நாய் திரும்பிப் பார்த்தாலோ தசையை இறுக்கினாலோ அதுவே எல்லை. அடுத்து, இதயத்தை நோக்கிய திசையில் தசையை மெல்லப் பிடித்துவிடல். அதன்பின் கயிற்றிற் பிடித்த மெதுநடை. மெதுநடையில்தான் நாய் நோயுற்ற காலை ஊன்றும். விரைந்தால் அதனைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடும்.

நீரின் உதவி மிகப் பெரிது. நாயின் பின்னங்காற் கணுவரை நீர் நின்றால் அதன் கால்கள் தாங்கும் எடை நூற்றுக்கு 91 பங்கு. முழங்கால் வரை நின்றால் 85 பங்கு. இடுப்பு மூட்டுவரை நின்றால் 38 பங்கே என்று அளந்திருக்கின்றனர். எடை பாதிக்கும் கீழே குறைந்த நிலையில் நடந்தால் மூட்டு நோகாமல் தசை உழைக்கும். மேனாடுகளில் இதற்கெனக் கண்ணாடித் தொட்டியும் அதனுள் ஓடும் பட்டையும் அமைத்துள்ளனர். நமக்குப் பரமத்தி வேலூரிலும் மோகனூரிலும் காவிரியின் மணற்சரிவுகள் உண்டு. ஆயின் மேட்டூரில் நீர் திறக்கும் காலங்களில் ஆற்றில் இறங்குதல் ஆபத்து; அப்போது கரை சரிந்த ஏரியோ குட்டையோ மேலானது. நம் பக்கத்துப் பாறைக்கிணறுகள் இதற்கு ஆகா. சிறுவர் முதுகிற் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகும் அக்கிணறுகளிலே நாய் நீந்தினாலும் ஏறிவர வழியின்றி இளைத்து மூழ்கும். முதல்நாள் ஐந்து நிமிடம் போதும். நீரில் நாய் களைப்பது நமக்குத் தெரியாது.

நாமக்கல் என்றதும் முட்டையும் கோழியுமே பலர்க்கு நினைவு வரும். அங்கு 1985ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, ஆடு மாடு கோழிகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவாரும் உளர். அதன் மருத்துவமனையில் நாய்களுக்கும் சிகிச்சை உண்டு. நொண்டும் நாயைத் தெருவில் விட்டுவிடுவதற்கு முன் இதனை நினைத்தல் வேண்டும். பந்தயத்திற்கு உதவாத நாய் என்று ஒருவர் கைவிடுவதும், மறுமாதமே வேறொரு குட்டி வாங்குவதும் நான் கண்டதுண்டு. இரண்டாம் குட்டிக்கும் அதே களம், அதே கழி.

இராசிபுரத்துக் கன்னி நாய்க்கு ஆறு வாரம் கயிற்றில் மட்டுமே நடை. முதல் இரண்டு வாரம் அது இரவெல்லாம் ஊளையிட்டு வீட்டாரைத் தூங்கவிடவில்லை என்று என் மைத்துனர் குறைபட்டார். மூன்றாம் திங்களில் தலையாட்டம் நின்றது. நான்காம் திங்களில் கோல்நடை தொடங்கினர். இப்போது களத்துத் தகரங்கள் தோட்டத்து மண்ணுக்கு இடம் மாறியுள்ளன. கழி ஓரடிக்கு மேல் உயர்வதில்லை. காலை ஐந்தரை மணிக்கு என் மாமா கைத்தடியோடு ஏரிக்கரை மேல் நடக்கின்றார். நாய் அவருடைய நடைக்கு ஒத்து உடன் செல்கின்றது. அவர் நடை மெதுவாதலின் அதற்கும் அதுவே ஏற்ற மருந்தாக அமைந்துவிட்டது. மழை பெய்து கரைமண் வழுக்கும் நாட்களில் மட்டும் இருவரும் திண்ணையோடு நின்றுவிடுகின்றனர்.